அடிநூல்

ஐப்பசி மழைக்கு முன்னால் வருகிற மங்கல் வெளிச்சம். அதில் ஒரு துணி, இரண்டு உருளைகளுக்கு நடுவே விறைப்பாக நிற்கிறது. பழைய பருத்திச் சேலைகளின் சதுரங்கள். மாம்பழ மஞ்சள், பாக்கு நிறம், வெளுத்த நீலம்.

துணிக்கு மேலே நீண்ட இரும்புக் கழுத்து. கழுத்தின் நுனியில் ஊசி. ஊசிக்கு முன்னால் தெய்வானை.

தையல் அவளுக்குப் புதிதல்ல. கோயம்புத்தூரில் அவள் தெருவில் பாதிப் பெண்களின் ரவிக்கை அவள் தைத்ததுதான். ஆனால் அந்த மெஷினில் துணி ஓடும், ஊசி நிற்கும். இந்த லாங்ஆர்ம் மெஷினில் எல்லாம் தலைகீழ். துணி நிற்கும். மெஷின் தண்டவாளத்தில் ஓடும். கைப்பிடி இரண்டையும் பிடித்து ஓட்ட வேண்டும்.

வலது பக்கம் போக வேண்டும். கை இடது பக்கம் இழுக்கிறது. பழகின கை. லேசில் விடுமா?

"துணிய மறந்துருங்கக்கா. பேனா புடிச்சு எழுதற மாதிரி நெனச்சுக்கங்க" என்கிறாள் ரேச்சல். மெஷின் அவளுடையது. வாடகைக்கு விடுகிறாள். தெய்வானையின் மகள் வயதுதான் இருக்கும்.

மகள்.

இந்துமதிக்கு இது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டு முறையும் ஆசை ஆசையாகத் தொட்டிலும் சட்டையும் வாங்கி வைத்தார்கள். பிறகு அவற்றை யார் கண்ணிலும் படாமல் யாருக்கோ கொடுத்தார்கள்.

பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்காதே என்பார்கள். இந்த வீட்டில் இப்போது பிள்ளை என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை. மாசம் என்பார்கள். செக்கப் என்பார்கள். அதோடு சரி.

அப்படியிருக்க, தெய்வானை மட்டும் இங்கே வந்து பஞ்சு வைத்த மெத்தைப்போர்வை தைக்கிறாள். பழந்துணிதானே, புதுசாக ஒன்றும் வாங்கவில்லையே என்று சாமியிடம் வக்கீல் மாதிரி வாதாடிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். சதுரங்களை ஒட்டுப்போட ஒரு வாரமாக இங்கே வருகிறாள்; வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்க்குத் தனியாக ஒரு பயம்.

வீட்டு மெஷினிலேயே தைத்திருக்கலாம். ஆனால் அதில் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்று அடுக்கும் சுருங்கிப் போகிறது. சுருக்கம் பிஞ்சு முதுகில் உறுத்தும்.

ஊசி இறங்குகிறது. மழையும் இறங்குகிறது.

ஒரு வளைவு. இன்னொரு வளைவு. கோணல். பரவாயில்லை. மறுபடி வளைவு. தகரக் கூரையில் மழை, துணியில் ஊசி, நெஞ்சுக்குள் படபடப்பு. மெல்ல மெல்லக் கை இளகுகிறது. வளைவுகள் கொடியாகப் படர்கின்றன. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தவள், கொஞ்ச நேரம் நெருப்பை மறக்கிறாள்.

"அழகா வந்திருக்குங்கக்கா. கீழ பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ரவிக்கை தைக்கும்போது இடது கை விரல் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே வரும். நூல் தளர்ந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். இங்கே இரண்டு கையும் கைப்பிடியில். அடிப்பக்கம் தனியாக, இருட்டில்.

குனிந்து பார்க்கிறாள். அடிநூல் சரியாக இறுகவில்லை. அடியெல்லாம் நூல் வளையங்கள் தொங்குகின்றன. மேலே கொடி. கீழே சிக்கல். பிஞ்சு விரல் ஒன்று மாட்டினால் போதும்.

"எல்லாருக்கும் மொதத் தடவ இப்படித்தாங்கக்கா. பிரிச்சுட்டுத் திரும்பத் தெச்சுக்கலாம்."

பிரிப்பதா? ஒரு குழந்தைக்கென்று தைத்ததைப் பிரிப்பதா? சொன்னார்களே, முன்கூட்டிச் செய்யாதே என்று. கேட்டாளா? தரையில் உட்கார்ந்து அழுகிறாள். ரேச்சல் பயந்துபோய் வீட்டுக்குப் போன் போடுகிறாள்.

ஆட்டோவில் வந்து இறங்கியது இந்துமதி. பாதிச் சேலை நனைந்திருக்கிறது.

"கோயிலுக்குப் போய்ட்டு வந்தீன்னா சேலையெல்லாம் நூலு. எந்தச் சாமிக்கும்மா நூல் சாத்துறாங்க?"

தெய்வானை முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள்.

"யாருக்கும்மா இது?"

"சும்மாதான். சோபா மேல போடலாம்னு."

இந்துமதி சிரிக்கவில்லை. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். ரேச்சலிடம் சொல்லித் துணியை உருளையிலிருந்து கழற்றுகிறாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, துணியை முழங்காலில் போட்டுக்கொண்டு, ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரிக்கிறாள். டிரக், டிரக். தெய்வானைக்கு அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் உள்ளே குத்துகிறது. மகள் நிறுத்துவதாக இல்லை.

அறுந்த நூல்கள் பறந்து அவள் வயிற்றின் மேல் விழுகின்றன.

"பாப்பா மேலெல்லாம் நூலு. தட்டி விடும்மா."

இந்த ஏழு மாதத்தில் தெய்வானை அந்த வயிற்றைத் தொட்டதே இல்லை. தொட்டால் தன் பயம் உள்ளே போய்விடும் என்று நினைத்திருந்தாள்.

குனிகிறாள். ஒரு நூலை எடுக்கிறாள். இன்னொன்றை எடுக்கிறாள். எல்லாம் எடுத்த பிறகும் கை அங்கேயே இருக்கிறது. அடியில் கதகதப்பு.

"பாப்பாவுக்குத்தான்டி" என்கிறாள். பயம் போகவில்லை. பயத்தோடுதான் சொல்கிறாள்.