பெட்டியைத் தொடாத தேடல்

கணினியில் எழுத நாங்கள் பராமரிக்கும் எடிட்டர் மென்பொருளிடம், ஒரு கோப்பில் ஒரு வார்த்தை இருக்கிறதா என்று கேட்டால், அது பதிலோடு நிற்காது. கண்ட இடத்தின் எண்ணை ஒரு பொதுப் பெட்டியில் போட்டுவைக்கும், அங்கே வேறொருவர் வைத்திருந்ததை அழித்துவிட்டு. அதனால் முப்பது வருடங்களாக எல்லோரும் பெட்டியில் இருப்பதை எடுத்துப் பத்திரப்படுத்தி, தேடி, மறுபடி பழையபடி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்கு மாற்றாக நான் எழுதிய ஃபங்ஷன், அந்தச் சின்ன நிரல், நான்கே வரி. ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும், எதையும் தொடாது. யார் வீட்டுக்குப் போனாலும், எழும்போது நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறவள் நான். அதை எழுதியபோது என்னையே எழுதியதுபோல இருந்தது.

டெவென்டர் ஊர் நூலக அறையில் எங்கள் எடிட்டர் குழுவின் ஆண்டுக் கூட்டம். ஒன்பது பேர். ஒருவர் மறுத்தாலும் எடிட்டரில் புதிதாக எதுவும் சேராது என்பது விதி. இன்று சேராவிட்டால் அடுத்த வருடம்தான். தலைவி லிடுவீனா காபியோடு ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினாள்.

"ஹில்டேயோட ஃபங்ஷனுக்கு மறுப்பு உண்டா?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

கடைசி நாற்காலியில் ஒரு கை உயர்ந்தது. ஃப்ரீஸ்லாந்தில் மாடு வளர்க்கும் வீப்ரன்.

"எனக்கு ஒத்துவராதும்மா. காலையில அஞ்சரைக்கு யோரிஸ் எழுதின காலண்டர் நிரல் தேதியைத் தேடும், பெட்டியில எண் விழும். எண் விழுந்தாத்தான் என் தொழுவத்துக் கதவு திறக்கும்."

"பழைய தேடல் அப்படியே இருக்குமே," என்றேன்.

"புதுசு சுலபமா இருந்தா யோரிஸ் அதைத்தானே எடுப்பான்? இதோ உக்காந்திருக்கான், கேளு."

யோரிஸ் தலையைக் குனிந்துகொண்டான். "எடுப்பேன்."

"கதவுக்குத் தனியா ஒரு வரி எழுதிக்கக் கூடாதா?" என்று வீப்ரனிடம் கேட்டேன்.

"பத்தொம்பது வருஷமா திறக்குது. அதுல எதுக்குக் கைய வைக்கணும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"எத்தனை மாடு?" என்றாள் லிடுவீனா.

"நூத்திப் பன்னெண்டு."

"மாட்டுக்கெல்லாம் ஓட்டு கிடையாதுப்பா," என்றான் யோரிஸ்.

"ஓட்டு வேண்டாம். கதவைப் பயன்படுத்துதா இல்லையா? அப்ப அதுவும் நம்ம பயனாளிதான்," என்றார் வீப்ரன்.

மாடு பயனாளியா என்று நாற்பது நிமிடம் பேசினோம். பயனாளிதான் என்று முடிவானது. மேசையில் பாலாடைக்கட்டி ரொட்டி காய்ந்துகொண்டிருந்தது, மோரின் குளிர்ச்சி போய்க்கொண்டிருந்தது. முடிவாகாமல் சாப்பிடுவது எங்கள் வழக்கமில்லை.

"எதையும் தொடாது, வீப்ரன் வீட்டுக் கம்ப்யூட்டர்ல மட்டும் பெட்டியைத் தொடும். இப்படி வச்சா?" என்றாள் லிடுவீனா.

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். என் நான்கு வரிகளும் துடைத்துவைத்த தரைபோல இருந்தன. அதில் ஒருவர் சேற்றுக் காலோடு நடந்து வருவதைப் பார்த்தபடி ஐந்தாவது வரியைத் தட்டினேன். அதில் வீப்ரன் என்ற பெயர் இருந்தது.

மறுப்பில்லை. லிடுவீனா டப்பாவை மறுபடி திறந்தாள். இரண்டாவது பிஸ்கட்டை அந்த அறை அதுவரை பார்த்ததில்லை.

ஸ்வோலேயில் என் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். இப்போதெல்லாம் காலை ஐந்தரைக்குத் தானாக விழிப்பு வருகிறது. வீப்ரனின் தொழுவத்துக் கதவு திறந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நூற்றுப் பன்னிரண்டும் வெளியே போய் முடியும்வரை புரண்டு படுப்பதில்லை.