கயிற்றுப் பெட்டியின் சாவி

வெர்னிஸ் சாவிக்கொத்தைத் தடவி, இருந்ததிலேயே சின்னச் சாவியை எடுத்தாள். பள்ளிக் கொடிக்கம்பத்தின் கயிற்றுப் பெட்டி திறந்துகொண்டது.

பின்னால் தம்பி கார்னல் கறுப்புக் கோட்டில் நின்றான். அலபாமாவின் மே மாத வெயில் ஏழரை மணிக்கே சுட்டது.

"அக்கா, உன் வேலை போயிடும்."

"கொடியைப் பிடி. தரையில படாம."

பதினோரு மணிக்கு அப்பாவின் அடக்கம். லெமுவல் பேட்டில் இந்தப் பள்ளியை முப்பத்தொரு வருஷம் பெருக்கித் துடைத்தவர். தினமும் காலையில் கொடியை ஏற்றியவரும் அவர்தான். எல்லாருக்கும் நீதி என்று பிள்ளைகள் நெஞ்சில் கைவைத்துக் கொடி உறுதிமொழி சொல்லும்போது, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரும் சொல்வார். அவர் பிள்ளையாக இருந்த காலத்தில் கறுப்பர்களை இங்கே சேர்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை இறந்தார். மறுநாள் தலைமையாசிரியர் ஹாலிஸ் ஃபோன் செய்து சாவிக்கொத்தைக் கேட்டார். சவ வண்டி பள்ளியைத் தாண்டும்போது கொடி அரைக்கம்பத்தில் பறக்க வேண்டும் என்று வெர்னிஸ் கேட்டாள். விதி இடம் கொடுக்காது என்றார். அவள் அங்கே சமையலறையில் வேலை பார்ப்பவள்.

இப்போது அவரே காப்பிக் கோப்பையோடு வந்தார்.

"வேணாம்மா வெர்னிஸ். ஆளுநர் உத்தரவு இல்லாம இறக்கக் கூடாது."

"கார் விக்கிற விட்ஃபீல்ட் செத்தப்ப மூணு நாள் இறங்கிக் கெடந்துச்சே சார். அதுக்கு எந்த ஆளுநர் உத்தரவு போட்டார்?"

"அவர் மைதானம் கட்டிக் கொடுத்தவர்."

"அந்த மைதானத்துப் படியில ஒட்டின சூயிங்கத்தைச் சுரண்டினவர் எங்கப்பா."

கார்னல் சிரிப்பை இருமலாக்கினான்.

வெர்னிஸ் கயிற்றை இழுத்தாள். கொடி உச்சிக்குப் போய் நின்றது.

"இதுதான் அழகு," என்றார் ஹாலிஸ்.

"பொறுங்க சார்."

முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகுதான் பாதிக்கு இறக்க வேண்டும். விட்ஃபீல்டுக்கும் அப்பா அப்படித்தான் செய்தார். அவள் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினாள். கயிற்றைக் கட்டிப் பெட்டியைப் பூட்டினாள். கொத்தை ஹாலிஸிடம் கொடுத்தாள்.

அவர் எண்ணிப் பார்த்தார். "சின்னது எங்க?"

"அது அப்பாவோடது."

"திங்கக்கிழமை என் அறைக்கு வா."

"வர்றேன் சார்."

தேவாலயத்தில் சவப்பெட்டியை மூடும் முன் அவள் குனிந்து அப்பாவின் கோட்டுப் பையைச் சரிசெய்தாள். கார்னல் பார்த்தான்.

ஊர்வலம் பள்ளியை நெருங்கியது. கம்பத்தடியில் ஹாலிஸ் நின்றிருந்தார். பக்கத்தில் ஒருவன் முட்டிபோட்டுப் பூட்டை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தான். கொடி பாதியிலேயே இருந்தது.

"மெதுவா போங்க," என்றாள் வெர்னிஸ், சவ வண்டி ஓட்டுநரிடம்.

பின்னால் முப்பது கார்களும், சவ ஊர்வல வழக்கப்படி பகல் வெளிச்சத்திலும் முகப்பு விளக்கெரிய, வேகம் குறைத்தன.