ஒரு சிட்டிகை மைதா

மகன் இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே வழிமறித்து, "இன்னைக்கு இந்த வீட்டுல நான் ஒரு தப்ப ஒத்துக்கிட்டேன்டா. யாரும் கேக்காமலே" என்றார் லிஃப்ட்காரர். தெருவில் ஒரு யானை சைக்கிள் ஓட்டிப் போகிறது என்று சொல்லியிருந்தால் மகன் ஒருவேளை திரும்பிப் பார்த்திருப்பான். இதற்கு ஷூ நாடாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரிப்பா" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அப்பா முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். அவர் கை வைத்த லிஃப்ட் எதுவும் தானாக நின்றதே கிடையாது. நின்றதெல்லாம் உள்ளே இருந்தவர்களால்தான். யாராவது குதித்திருப்பார்கள், பொத்தானை இரண்டு தரம் அமுக்கியிருப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு இந்தச் சட்டம் வீட்டுக்குள்ளும் அமலுக்கு வந்தது. எட்டு மாதத்துக்கு முன் சூப் வைத்தவர், கெட்டியாக இருக்கட்டுமென்று ஒரு கரண்டி மைதாவைக் கரைத்துவிட்டார். மருமகளுக்குக் கோதுமை ஆகாது. கோதுமையிலும் மைதாவிலும் இருக்கும் குளூட்டன் என்ற பசைப்பொருள் துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். மூன்று நாள் அவள் படுக்கையை விட்டு எழவில்லை. "சூப்புல கோளாறு இல்ல, வயித்துலதான்" என்று இவர் தீர்ப்பு வழங்கினார். அன்றிலிருந்து அவள் வந்தால் தன் சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவருகிறாள். சிரித்த முகத்தோடுதான். அந்தச் சிரிப்பால் எட்டு மாதம் தாம் ஒரு கண்கூட மூடவில்லை என்பார் அவர். அப்படியானால் அந்தக் குறட்டை யாருடையது என்று மனைவி கேட்டால் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

இன்று அவள் வரும் நாள். மாவே இல்லாத கேக் என்று காலையில் அறிவித்தார். கறுப்புச் சாக்லேட், வெண்ணெய், முட்டை, சர்க்கரை, பாதாம் பொடி. அவ்வளவுதான்.

"நீங்களா?" என்றார் மனைவி.

"லிஃப்ட்டையே தூக்கினவன். ஒரு கேக்கத் தூக்க மாட்டேனா?"

"தூக்குங்க. அதப் பாக்குற தெம்பு எனக்கு இல்ல. நான் கடைக்குப் போயிட்டு, அப்படியே அவளையும் பஸ் ஸ்டாப்புலேருந்து கூட்டிட்டு வரேன்."

தனியாக விடப்பட்டவர் பாத்திரங்களை அறுவைசிகிச்சைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்தார். பாக்கெட்டுகளின் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தார். முட்டையை அடித்த வேகத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்ததாக அவரே சொல்கிறார். கேக்கை ஓவனுக்குள் வைத்த பிறகுதான் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போவார், திரும்புவார், ஓவனின் கண்ணாடிக் கதவின் முன் மண்டியிடுவார், எழுவார். முப்பத்தைந்து நிமிடத்தில் நடந்த நடைக்கு அடுத்த ஊர் வந்திருக்கும். கேக் மெல்ல மேலே வந்தது. பிறகு, மாவில்லாத கேக்குக்கே உரிய குணப்படி நடுவில் வெடித்து, கனத்த லிஃப்ட் கீழ்த்தளத்தில் வந்து நிற்பதுபோல் இறங்கி அமர்ந்தது. வாசனை மட்டும் இறங்கவில்லை.

ஆறவிட்டுத் தட்டில் கவிழ்த்தபோதுதான் பார்த்தார். கறுத்த ஓரத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் பூச்சு. மைதா.

மனைவி கேக் செய்த காலமெல்லாம் அவருக்கென்று ஒரே ஒரு வேலை உண்டு: தகர அச்சில் வெண்ணெய் தடவி, ஒரு சிட்டிகை மைதா தூவி, தட்டித் தட்டிச் சுழற்றுவது. இன்றும் கை அதன்பாட்டுக்கு அலமாரியைத் திறந்து, தூவி, தட்டி, மூடி வைத்திருக்கிறது. மனசு அப்போது மருமகள் சொல்லப்போகும் பாராட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் பேச்சுக்குரல். கோகோ பொடி டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மேலே சலித்துவிட்டால் வெள்ளை தெரியாது. அவர் சலிக்கவும் சலித்தார்.

மருமகள் மேசையில் டப்பாவை வைத்தாள். கேக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு டப்பாவைத் திறக்காமல் ஓரமாகத் தள்ளினாள். "வாசனையே ஆள இழுக்குது மாமா. மாவு சுத்தமா இல்லல்ல?"

"இல்லம்மாடி" என்று வாய் சொல்லிவிட்டது.

மனைவி கேக்கை வெட்டினார். மருமகளின் கரண்டி எழுந்தது. எட்டு மாதம் கழித்து அவள் இந்த வீட்டுச் சமையலை வாயில் வைக்கப்போகிறாள்.

"வச்சிடும்மா" என்றார். "தகரத்துல மைதா தூவிட்டேன். மேல கோகோ போட்டு மறைச்சதும் நான்தான். தப்பு என் மேலதான்." மூச்சு வாங்கினார். "சூப்பும்."

மனைவியின் கையிலிருந்த கத்தி அந்தரத்திலேயே நின்றது. மருமகள் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அதற்குள் தமக்கு இரண்டு வயது கூடிவிட்டதாக அவர் கணக்கு.

"சாக்லேட் மிச்சம் இருக்கா மாமா?"

"பாதி இருக்கும்மாடி."

அவள் தன் டப்பாவைத் திறந்து உள்ளிருந்த சோற்றைத் தட்டில் கொட்டினாள், டப்பாவைத் தானே தேய்த்துக் கழுவினாள். "அந்தத் தகரம் வேணாம். இதுல ஊத்துங்க. வெண்ணெய் மட்டும் தடவுங்க. வேற எதையும் தொடாதீங்க, சொல்லிட்டேன்."

மகன் உள்ளே வந்தபோது மேசையில் ஒரு பெரிய கேக் சீந்துவாரற்றுக் கிடந்தது. அவன் மனைவி எவர்சில்வர் டப்பாவை மடியில் வைத்து, உதட்டோரம் கறுப்பாக, அதில் வெந்த கேக்கின் மூலையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா ஏதோ கதை விடுறாரும்மா" என்றான். "தப்ப ஒத்துக்கிட்டாராம்."

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். கல்யாணமான நாள்முதல் கணவரின் எந்தக் கதைக்கும் சாட்சி சொல்லாதவர். இதற்கு மட்டும் ஆமாம் போட்டால் இன்னும் பத்து வருடம் காது புளிக்கும் என்பது மனைவிக்குத் தெரியும். மருமகள் நீட்டிய கரண்டியை வாங்கி வாயில் வைத்தார். சாக்லேட் கரையும்வரை கண்ணை மூடியிருந்தார்.

"சொன்னாருடா" என்றார். "நான் பக்கத்துலதான் இருந்தேன்."