பெயருக்கான கட்டம்

தூதரகத்தின் பதிவுக் கவுன்டரை மூடப் பதினெட்டு நிமிடங்களே இருந்தன.

"பேர் கட்டம் ஏன் காலியா இருக்கு?" என்றார் எழுத்தர்.

"ஊருக்குப் போனதும் எங்கப்பா காதுல சொல்லி வைப்பார் சார். அதுவரைக்கும் இவன் குட்டிதான்" என்றாள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அவள்.

"பேர் இல்லாம பதிவு இல்ல. பதிவு இல்லாம பாஸ்போர்ட் இல்ல. எப்படிம்மா ஊருக்குப் போவீங்க?"

பிறந்த நாடு குழந்தைக்குக் குடியுரிமை தராது. சொந்த நாட்டுக் குடிமகனாகப் பதியும் ஒரு வருடக் கெடு இன்றோடு முடிகிறது.

"ஏதாவது ஒரு பேரை எழுதித் தொலையேன்!" என்றான் கிரேன் ஓட்டும் கணவன்.

அவள் குழந்தையோடு வாசலுக்கு ஓடினாள். காவலாளியிடம் கொடுத்திருந்த போனை வாங்கி அப்பாவை அழைத்தாள்.

"மடியில வச்சுச் சொல்லலாம்னு இருந்தேனேம்மா" என்றார் அவர்.

"நேரமில்லப்பா. இப்பவே சொல்லுங்க."

போனைக் குழந்தையின் காதில் வைத்தாள். தான் தேர்ந்து வைத்திருந்த பெயரை அப்பா மூன்று முறை சொன்னார். சிணுங்கிக்கொண்டிருந்தவன் சட்டென்று அடங்கினான்.

"ஓடும்மா, ஏழு நிமிஷம்தான் இருக்கு!" என்றார் காவலாளி.

அவள் கட்டத்தை நிரப்பினாள். முத்திரை விழுந்தது.

வெளியே வந்து மறுபடி அழைத்தாள். "பதிஞ்சாச்சுப்பா!"

"அது ஆபீசுக்குச் சொன்னதும்மா" என்றார் அப்பா. "பேரனை மடியில வச்சுக் காதுல இன்னும் சொல்லல. சீக்கிரம் கூட்டிட்டு வா."