ஜூலை இருபத்தொன்று, திங்கட்கிழமை

நிலாவில் மனிதன் கால் வைத்த அன்றுதான் நான் பிறந்ததாக அம்மா சொன்னதும் ஓசூர் தாலுகா ஆபீஸ் கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த வருசத்துப் பிள்ளைகள் எல்லாம் அன்றைக்கே பிறந்துவிட்டார்களா, இந்த வாரத்தில் நீங்கள் நாலாவது ஆள் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு மேசையிலிருந்த பசை டப்பாவை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குப் பெண்பிள்ளைகளை எடுத்தார்கள். பிளஸ் டூ பாஸ் செய்து பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். பரீட்சை, இன்டர்வியூ எல்லாம் தேறி, செப்டம்பர் ஏழாம் தேதி வயதுச் சான்றோடு வந்து சேரச் சொல்லி எனக்குக் கடிதமும் வந்துவிட்டது. ஆனால் சர்டிபிகேட்டின்படி எனக்குப் பதினேழுதான். எல்லாம் எங்கள் ஊர் ஹெட்மாஸ்டர் புண்ணியம். ஒண்ணாம் வகுப்பில் சேர வந்த அத்தனை பேருக்கும் அன்றோடு ஐந்து வயது முடிந்ததாக வைத்து ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். என் வகுப்பில் இருபத்தாறு பேரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். வயசு குறைந்தால் பின்னால் நல்லதுதான் என்று அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். வேலை கைவிட்டுப் போனால் தை மாதம் என்னை வெங்கடப்பன் மாமனுக்குக் கட்டிவைப்பதாகப் பேச்சு. மாமன் நல்லவர்தான். முப்பத்துநாலு வயது ஆளைக் கட்டிக்கொண்டு தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டில் யானை விரட்டத்தான் எனக்கு இஷ்டமில்லை. வேலைக்குத்தான் வயசு பத்தாதாம், கல்யாணத்துக்குப் பத்துமாம்!

சொந்தக்காரர் அல்லாத ஒருவர் ஏதாவது ஆதாரத்தோடு வந்து, இந்தப் பெண் இந்தத் தேதியில் பிறந்தாள் என்று கையெழுத்துப் போட்டால் மேலே அனுப்பலாம் என்றார் கிளார்க். வெளியே வந்து அம்மா புங்கமரத்தடியில் உட்கார்ந்தாள். பிறகு, அப்படி ஒருத்தர் ஓசூரிலேயே இருப்பதாகச் சொன்னாள். பதினெட்டு வருசமாக எனக்குச் சொல்லாத கதையைச் சொன்னாள்.

அன்றைக்கு அம்மாவுக்கு வலி எடுத்து ரெண்டாம் நாள். கேழ்வரகு வாங்க ஷௌகத் அலி என்ற வியாபாரி குதிரை ஜட்காவில் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். அப்பா அவரிடம் போய்க் கெஞ்சியிருக்கிறார். அவர் ஏற்றிய மூட்டைகளை அப்படியே இறக்கிப் போட்டுவிட்டு, பாகலூர் போய் நர்சம்மாவைக் கூட்டிவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டார். நிலா விஷயத்தை ரேடியோவில் கேட்டுவந்து சொன்னதும் அந்த நர்சம்மாதான். திரும்பிப் போகும்போது ஏரிக்கரைச் சேற்றில் ஜட்கா கவிழ்ந்து ஷௌகத் அலி அங்கேயே உயிரை விட்டார். அவர் மனைவி அதியா பேகம் கைக்குழந்தையோடு ஓசூரில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாராம். சந்தைக்கு வரும்போதெல்லாம் அம்மா ஏன் ஒரு தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போவாள் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

"எந்த மொகத்த வச்சுக்கிட்டு அந்தம்மா முன்னால போயி நிப்பேன்?" என்றாள்.

வேலையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அம்மாதான் புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

அதியா பேகம் தையல் மிஷினில் பாவாடை தைத்துக்கொண்டிருந்தார். அம்மா நடையிலேயே நின்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். மிஷின் நின்றது. அம்மா சர்டிபிகேட், கம்பெனி, கிளார்க் என்று மூச்சு விடாமல் கொட்டினாள். அந்தம்மா காதில் எதுவும் ஏறின மாதிரி தெரியவில்லை.

"அன்னிக்கு அவரு கூட்டிட்டு வந்த நர்சு, நேரத்துக்கு வந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

அம்மா என்னை முன்னால் இழுத்து நிறுத்தினாள். "வந்துட்டாங்கக்கா. இவ கழுத்துல கொடி ரெண்டு சுத்து. இன்னும் அரை மணி போயிருந்தா இவளும் இல்ல, நானும் இல்ல."

அதியா பேகம் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார். அல்ஹம்துலில்லா என்று மெதுவாகச் சொன்னார். சாவுச் செய்தி கொண்டுவந்தவர்கள் சேற்றைச் சொன்னார்கள், குதிரையைச் சொன்னார்கள். அந்தப் பொம்பளை பிழைத்தாளா என்று மட்டும் யாரும் சொல்லவில்லையாம். துக்கம் காத்து முடித்து வெளியே வந்து விசாரித்தபோது நர்சுக்கு மாற்றலாகியிருந்தது. வீணாகத்தான் போனாரோ என்று இத்தனை வருசம் நெஞ்சில் கிடந்ததாம். பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

"நாலு மைல்ல இருந்துக்கிட்டு, அந்த ஒரு வார்த்தைய சொல்ல உனக்கு வாசப்படி ஏற முடியலியா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கோபம் நியாயமானது. கொஞ்சம் பொறுத்து எந்தக் கம்பெனி, என்ன ஷிப்டு என்று என்னைக் கேட்டார். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, புருஷனின் இறப்புச் சான்றை எடுத்துவந்தார். விபத்து என்பதால் போலீஸ் கேஸாகி, அதில் நாளும் நேரமும் சுத்தமாகப் பதிவாகியிருந்தன. பெண் குழந்தை பிறந்ததைப் பதிய யாருக்குத் தோன்றியது? புர்காவைப் போட்டுக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டார்.

கிளார்க் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, நான் பொறப்புக்கு ஆதாரம் கேட்டேன். நீங்க எறப்பைக் கொண்டாந்திருக்கீங்க."

"இவ பொறக்கறதுக்குத்தாங்க எங்க வீட்டுக்காரரு போனாரு. எழுதிக்குங்க."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தாசில்தார்தான் முடிவு செய்யணும், நான் ஒன்றும் உறுதி சொல்ல முடியாது என்று முனகிக்கொண்டே ஒரு படிவத்தை எடுத்து அந்தம்மா பக்கம் தள்ளினார். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. பின்னால் ஒதுங்கி நின்ற அம்மா முன்னே வந்து அதன் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். அதியா பேகம் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதி, கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தார். மை காயும்வரை அம்மா கையை எடுக்கவில்லை. அந்தம்மாவும் எழுந்திருக்கவில்லை.