வெயில் ஊடுருவிய டீச்சர்

பாளையங்கோட்டையில் இன்பமணி டீச்சரின் உடம்புக்குள் வெயில் நுழைந்து மறுபக்கம் வந்தது, தொண்ணூற்று நாலாம் வருடம் ஆடி மாதத்தில், அவளுக்கு ஏழு மாதம் முடிந்த வாரத்தில். முதலில் பார்த்தவர் அவள் கணவர் வேதமுத்து, மின்வாரிய குமாஸ்தா. ஜன்னலோரம் நின்று அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். கொல்லை முருங்கையின் இலைகள் அவள் தோள் வழியாகத் தெரிந்தன. வேதமுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவள் கழுத்துக்குப் பின்னால் ஒரு குருவி கிளை மாறி உட்கார்ந்தது.

டாக்டர் ஞானம்பாள் இன்பமணியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "ரத்தம் ரொம்பக் கம்மி. சிலருக்கு நாக்கு வெளுக்கும், நகம் வெளுக்கும். இவங்களுக்கு மொத்தமா வெளுத்துட்டு" என்றார். சிவப்பு மாத்திரை எழுதித் தந்தார். சாப்பிட்டபின் எலுமிச்சை ஜூஸோடு விழுங்கவேண்டும், காபியும் டீயும் அந்த நேரத்தில் ஆகாது, மலம் கறுப்பாகப் போனால் பயப்படக்கூடாது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்ததால், டாக்டர் சொன்னதையெல்லாம் வேதமுத்து வேதவசனம் போல மனப்பாடம் செய்துகொண்டார்.

மாத்திரை தொண்டையில் இறங்குவதை அவர் தினமும் பார்த்தார். பாதி நாள் அது அங்கேயே நின்று யோசித்துவிட்டுத் திரும்ப மேலே வந்தது. அவள் வாளியைப் பிடித்துக்கொண்டு குனிவாள், அவர் நெற்றியைத் தாங்குவார். ஆசைக்கு ஒரு மடக்கு காபி குடித்த அன்று மாத்திரை வயிற்றில் கூழாங்கல்லாகக் கிடந்தது. டாக்டர் வேறு மாத்திரை மாற்றித் தந்தபின் வாந்தி குறைந்தது. எலுமிச்சை ஜூஸ் போய்ச் சேர்ந்ததும் மாத்திரை மெல்லக் கரைந்து செந்நிறம் கசியும், அந்தச் செந்நிறம் நேராகத் தொப்புள்கொடி வழியே பிள்ளையிடம் போய்விடும். பிள்ளை நாளுக்கு நாள் சிவந்தது. தாய் நாளுக்கு நாள் குறைந்தாள். பெண்பிள்ளை என்பது ஸ்கேன் இல்லாமலே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் விட்டு வரும் பெண்கள் நின்று பார்த்து, தலை கீழே திரும்பிவிட்டது என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போனார்கள்.

"எல்லாத்தையும் அவளே எடுத்துக்கிடுதா. உனக்குன்னு ஒரு சொட்டு வைக்க மாட்டேங்கா" என்றார் வேதமுத்து.

"எடுத்துக்கிடட்டும். நீங்க பிள்ளைகிட்ட கோவப்படாதீங்க" என்றாள் இன்பமணி. அவள் உதடு அசைந்தது மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

ஒன்பதாம் மாதம் வேதமுத்துவின் தங்கை ஸ்டெபி, துபாயிலிருந்து அவள் மாப்பிள்ளை அனுப்பிய, பிள்ளைக்குக் கட்டும் நாப்கின் பாக்கெட்டோடு வந்தாள். "துவைக்கவே வேண்டாம் மைனி, தூக்கிப் போட்டுரலாம்." இன்பமணி ஒன்றைப் பிரித்து வயிற்றோரம் வைத்தாள். உள்ளே பிள்ளை முழங்காலை இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிற்று. ஸ்டெபிக்கு முகம் வாடிவிட்டது. மருந்துக்கடை காஜா முகைதீனிடம் வேதமுத்து யோசனை கேட்டபோது, "நம்ம ஊரு வெக்கைக்கு பிளாஸ்டிக் ஜட்டி கட்டினா பச்சைப்பிள்ளைக்குப் புண்ணாயிரும் அண்ணாச்சி. பழைய பருத்தித் துணி போதும். ஊக்கு குத்தாதீங்க, முடிச்சுப் போடுங்க. நனைஞ்சா உடனே மாத்திரணும், அவ்வளவுதான்" என்றார், விற்பதற்கு ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் ஜட்டியை வைத்துக்கொண்டே.

அன்றிலிருந்து வேதமுத்து தன் வேட்டிகளைக் கிழிக்கத் தொடங்கினார். கிழித்து, கொதிநீரில் போட்டு, சோப்பு போக அலசி, வெயிலில் உலர்த்தி, மடித்து அடுக்கினார். நல்ல வேட்டிகளும் போயின. அலுவலகத்துக்கு வேட்டி கட்டிப்போனவர் பேண்ட் போடவேண்டியதாயிற்று. ஒரு பிள்ளைக்கு இத்தனை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கட்டிலில் நாளுக்கு நாள் சேலை மட்டும் படுத்திருப்பது போலாகிக்கொண்டிருந்த வீட்டில் அவர் கைக்கு வேறு வேலை இல்லை.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளை எளிதாகப் பிறந்து வீறிட்டது. தாய்க்கு உதிரம் நிற்கத் தாமதமாயிற்று. நின்றபோது கட்டிலில் போர்வையின் மேடு மட்டும் இருந்தது. நர்ஸ் நரம்பைக் கண்ணால் தேட முடியாமல் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். வேதமுத்து சட்டைக்கையை மடித்து நீட்டினார். அவர் ரத்தம் சேரவில்லை. சோதித்துச் சொன்னபிறகும் அவர் கையை இறக்காமல் வராந்தாவில் நின்றார். ஸ்டெபி வந்து பைய அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அவள் ரத்தமும் சேரவில்லை. காஜா முகைதீன் கடையைச் சாத்திவிட்டு வந்தார். அவருடையது சேர்ந்தது.

வலது முழங்கையில் ஏறிய ரத்தம், ஆற்று மடை திறந்ததும் வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல் தோளுக்குப் போய், நெஞ்சில் கிளை பிரிந்தது. கழுத்து வந்தது, காது வந்தது, மூடிய கண்கள் வந்தன. இடது மணிக்கட்டோடு நின்றுவிட்டது. பிரசவத்துக்குப் பிறகும் டாக்டர் சொன்ன மாதங்கள் வரை அவள் மாத்திரை சாப்பிட்டாள். அந்தக் கை திரும்பவில்லை. தொட்டால் சூடாக இருந்தது, பிள்ளையைத் தாங்கிற்று, அது போதும் என்றாள்.

பிள்ளைக்கு எபி என்று பெயர் வைத்தார்கள். புண் ஒன்றும் வராமல் வளர்ந்தாள். வருடங்கள் போயும் வேதமுத்து, ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் மனைவியின் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்வார், பிடி தளராமல். பார்ப்பவர்களுக்கு அவர் வெறுங்கையை மூடிக்கொண்டு நடப்பதாகத் தெரியும். காலையில் ஜங்ஷன் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து அந்தக் கையில் வைப்பார். டிக்கெட் காற்றில் நிற்கும். "படியில நிக்காதீங்க டீச்சர், உள்ள போங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவார்.