செத்தவன் பேரில் ஓர் அர்ச்சனை

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் கிளினிக் நடத்தும் ஹஸீனா தன் ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லாமல் இருப்பது எப்படி என்று. "சார், சட்டத்தைச் சொன்னா கொட்டாவி விடுறாங்க. பத்து நிமிஷக் கதை ஒண்ணு எழுதிக் கொடுங்க லா. கடைசியில ஒரு பாடம் மட்டும் வேணும்" என்றாள்.

பாடம் வேண்டுமாம். என்னிடம் ஒரு கதை இருக்கிறது. சொன்னவள் வடிவாம்பாள். 1979-இல் காஜா பேராங்கில் அவள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னாள். ரகசியம் காப்பதைப் பற்றிய கதையை ரகசியத்தை உடைத்துத்தான் எழுதப் போகிறேன். இந்தக் கேவலம் முதலிலேயே தெரிந்திருக்கட்டும்.

2.

"1943. காஜா பேராங்கில் சப்பான்காரனின் பூட்ஸ் சத்தம்..." (வேண்டாம். எல்லாக் கதையிலும் அதே பூட்ஸ்.)

"டிரஸர் கருணாகரன் ஒரு மகான்..." (மகானெல்லாம் இல்லை. சிடுமூஞ்சி.)

நேராகச் சொல்கிறேன். காஜா பேராங்கில் ஒரு டிஸ்பென்சரி. டாக்டர் ஓடிப்போனதால் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸர் கருணாகரன்தான் டாக்டர். வடிவாம்பாள் அங்கே ஆயா. சயாமில் ரயில் பாதை போடச் சப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். இங்கே பிடித்துக் கொடுத்தவன் அப்பாசாமி, நம் ஆள்தான்.*

பிடிபட்டவர்களில் ஒருவன் தம்பின் ஸ்டேஷனுக்கு அருகே ரயிலிலிருந்து குதித்துவிட்டான். காவலர்கள் சுட்டார்கள், செத்தான் என்று எழுதிக்கொண்டார்கள். அப்பாசாமியே வீட்டுக்கு வந்து செய்தி சொன்னான். மனைவி நாகம்மை தாலியைக் கழற்றினாள். கருமாதியும் நடந்தது. அவனோ கால் முறிந்து, மாட்டு வண்டியில் கிழங்கு மூட்டைகளுக்கு அடியில் கிடந்து டிஸ்பென்சரியின் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அவன் பெயரை மருதமுத்து என்று வைத்துக்கொள்... இல்லை, பொய்ப் பெயரும் வேண்டாம். அவன் பெயர் ________.

"செத்தவனாவே இருக்கட்டும். இப்போதைக்கு அதுதான் அவனுக்கு மருந்து" என்றார் கருணாகரன்.

(* 'நம் ஆள்தான்' என்பதை மூன்று முறை அடித்து, மூன்று முறை எழுதினேன். இருக்கட்டும்.)

3.

அன்றிலிருந்து வடிவாம்பாளுக்குப் பயிற்சி. அவள் புண்ணுக்குத் துணி கிழித்துக்கொண்டிருக்கும்போது கருணாகரன் திடீரென்று வேறு ஆளாகிவிடுவார்.

"நான் அவனோட மாமன். எப்படி இருக்கான் அவன்?"

"அப்படி யாரும் இங்க இல்ல."

"நான் சிப்பாய்!" முகத்துக்கு நேரே கத்துவார்.

"அப்படி யாரும் இங்க இல்லங்க."

"கண்ணு எங்க போச்சு? பின்கட்டுக் கதவைப் பார்த்தியே! வாய் மட்டும் பொய் சொன்னாப் போதாது, கண்ணும் சொல்லணும். திரும்பச் சொல்லு."

(ஹஸீனா, இதை அப்படியே வகுப்பில் நடித்துக் காட்டலாம். இதோடு கதையை நிறுத்தினால் உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.)

4.

பயிற்சிக்குப் பரீட்சையாக வந்தவள் நாகம்மை.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் சாடையில ஒருத்தரை இங்க இறக்குனாங்கன்னு ஒரு பேச்சு. மெய்யாக்கா?"

வடிவாம்பாள் அவள் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "அப்படி யாரும் இங்க இல்லம்மா."

கதவுக்குப் பின்னால் அவன் வாயில் துணியை அடைத்துக்கொண்டு கிடந்தான். நாகம்மை போன பிறகு கருணாகரன், "பாஸ்" என்றார். அவர் யாரையும் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

(இங்கே வடிவாம்பாள் அழுததாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். மறுபடி போய்த் துணி கிழித்தேன் என்று மட்டும்தான் அவள் சொன்னாள்.)

5.

மனுஷியிடம் சொல்ல முடியாததை எங்கே போய்ச் சொல்வது? வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனாள். அவனுக்கு முறிந்த கால் கூடிவர வேண்டும் என்று அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார்.

கருணாகரன் மாமனாக வந்திருக்கிறார், சிப்பாயாக வந்திருக்கிறார். குருக்களாக வந்து கேட்டதே இல்லை. அவள் மெதுவாகத்தான் சொன்னாள். குருக்கள் கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அதுதானே வழக்கம்.

செத்தவன் பேருக்கு யாரும் அர்ச்சனை செய்வதில்லை.

துக்க வீட்டுக்காரி என்று வாசலுக்கு வெளியே நின்றிருந்த நாகம்மை உள்ளே வந்தாள். தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். தன் பிள்ளையின் காய்ச்சலுக்காக வேண்டிக்கொள்ள வந்திருந்த அப்பாசாமி அந்த நெற்றியைப் பார்த்தான். தட்டு கொடுத்த ஆயாவையும் பார்த்தான்.

மறுநாள் காலை சிப்பாய்களோடு வந்தான். வடிவாம்பாளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நேரே பின்கட்டுக்குப் போனான். கருணாகரனையும் ஏற்றிக்கொண்டார்கள். இருவரையும் சயாமுக்கு அனுப்பியதாக ஊரில் பேச்சு. அவர் சயாமுக்குப் போனவர்தான், திரும்பவில்லை.

மூன்று வாரம் கழித்து, லாக்கப்பில் ஒரு பிணத்தைக் கழுவ ஆயாவைக் கூப்பிட்டார்கள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காலில் அவள் கட்டிய மூங்கில் கட்டு அப்படியே இருந்தது.

6.

அவன் செத்ததை நாகம்மையிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன்.

"எப்படிப்பா சொல்றது? சண்டை முடிஞ்சதும் என்னைத் தேடி வந்தா. நெத்தி நிறையப் பொட்டு. 'நீங்க செஞ்ச அர்ச்சனைதான்கா எனக்கு உயிர் கொடுத்துச்சு, சயாம்லேருந்து எப்படியும் வந்துடுவாரு'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. எந்த வாயால சொல்ல?"

கருணாகரன் சொல்லிக் கொடுத்தது அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் படிந்தது. பாவி மனுஷி.

ஹஸீனாவுக்காக முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) கடைசியில் வடிவாம்பாள் உண்மையைச் சொல்ல, இருவரும் கட்டிப் பிடித்து... (சினிமா.)

ஆ) சொல்லாமலே சாகிறாள். நாகம்மையும் பொட்டோடு போய்ச் சேர்கிறாள். (நடந்தது இதுதான்.)

இ) இது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நாகம்மையின் மகள் சாரதாம்பாள் பக்கத்து ஊரான புக்கிட் காதிலில் இருக்கிறாள். எண்பதைத் தாண்டியவள். அம்மா சொல்லிவிட்டுப் போனபடி ஆண்டுதோறும் அப்பா பேரில் அர்ச்சனை செய்கிறாள். திதி கொடுத்ததே இல்லை. போன மாதம் நானும் அங்கே நின்றேன். நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டியவனுக்கு ஆயுள் வேண்டி, குருக்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொன்னார்.

"வடிவாம்பா பெரியம்மா வீட்டுல இருந்தீங்களாமே, சார். எங்க அப்பாவைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாள் சாரதாம்பாள்.

நான் அவள் கண்ணைப் பார்த்தே சொன்னேன். "அப்படி ஒண்ணும் சொல்லலம்மா."

7.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். இப்போது படித்துப் பார்க்கிறேன். மனைவி பெயரைச் சொல்லியாயிற்று. மகள் பெயர், அவள் இருக்கும் இடம், எல்லாம் சொல்லியாயிற்று. விவரம் தெரிந்த எவருக்கும் அந்தக் கோட்டில் என்ன பெயர் என்று கேட்கத் தேவையில்லை. குருக்கள்கூட இவ்வளவு உரக்கச் சொல்லவில்லை.

ஹஸீனா, பாடம் கேட்டாயே, இதை எடுத்துக்கொள்.

அடுத்த அர்ச்சனைக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. இதைப் படித்த உங்களில் யாராவது அதற்குள் சாரதாம்பாளைச் சந்திக்கக்கூடும். அவள் உங்களிடமும் கேட்பாள். கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.